கால் மணி கழித்துக்கொள்ளும் வீடு

எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் கால் மணி நேரம் முந்தி ஓடும். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள், என் மனைவியின் ஏற்பாடு அது. மகள் பள்ளிக்கூட வேனைப் பிடிக்க வேண்டியிருந்த காலத்தில் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைத்தாள். வேன் போய், காலேஜ் பஸ் போய், இப்போது மகளே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய் வருகிறாள். அந்தக் கால் மணி மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டது.

இதில் ஏமாறுகிறவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எட்டரை காட்டினால் எட்டேகால் என்று மனசு தானாகக் கழித்துக்கொள்ளும். வேலைக்கு வரும் அம்மாகூடக் கழிப்பார். எல்லாரும் கழிக்கிறோம் என்றால் முந்தி வைத்து என்ன பிரயோஜனம் என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும், அது ஒரு தைரியம்" என்றாள்.

எனக்கு அந்தத் தைரியம் வேலை செய்யாது. நான் கவலைப்படுகிற பிறவி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன், படி இறங்குவேன், மறுபடி ஏறி இழுத்துப் பார்ப்பேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதாம் வகுப்பில் என்ன கேட்பார்களோ என்ற பயமும் அதில் பாதி என்று இப்போது தோன்றுகிறது. மைசூர் மண்டி மொஹல்லாவில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிறேன். அந்த வியாபாரத்தில் நேரத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. சாக்கு வாங்க வருகிறவன் எவனும் விநாடி கேட்பதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

டில்லி என் வாழ்க்கைக்குள் வந்தது இப்படி. ஒரு சாயங்காலம் டிவியில் ஒரு மணி, என் போனில் ஒரு மணி, கைக்கடிகாரத்தில் ஒரு மணி. மூன்றுக்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் வித்தியாசம் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனில் ஒரு பக்கத்தைத் திறந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். டில்லியில் அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறதாம். அணுக் கடிகாரங்கள் வைத்திருக்கிறார்களாம். நாடு முழுவதற்கும் நேரம் அங்கிருந்துதான் வருகிறதாம். பெரிய எழுத்தில் மணி, நிமிடம், விநாடி ஓடிக்கொண்டிருந்தது. நம் போன் அதற்கு எவ்வளவு முன்னே பின்னே இருக்கிறது என்றும் கீழே போட்டிருந்தது.

"இதுதாம்ப்பா அஃபிஷியல். இதுக்கு மேல நாட்டுல நேரம் கெடையாது. சாப்புடு."

"டில்லில இருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள நேரம் பழசாயிடாதா கண்ணு?"

"போய்ட்டு வர எவ்ளோ ஆச்சுன்னு அதுவே பாத்துக்கும். அதுல பாதிய சேத்துக்கும்."

"போறப்ப ரோடு காலியா இருந்து, வர்றப்ப நெரிசலா இருந்தா? பாதின்னு எப்படிச் சொல்றது?"

"சும்னிரப்பா" என்றாள். எங்கள் மகளுக்குப் பொறுமை தீர்ந்தால் தமிழும் தீர்ந்துவிடும். பேசாமல் இரு என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு டில்லி பூஜை. கைக்கடிகாரம், படுக்கையறை டைம்பீஸ், கடைக் கடிகாரம் என்று ஒவ்வொன்றாக மடியில் போட்டுக்கொண்டு விநாடி பார்த்துச் சரி செய்வேன். கூடத்துக் கடிகாரத்தை மட்டும் தொடக்கூடாது என்று மனைவியின் உத்தரவு. எங்கள் கடைச் சந்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது. எதிர் மாவு மில்காரர் நான் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம், "ஏன் சாமி, டெல்லில ஈக எஷ்டு கண்டெ?" என்று கன்னடத்தில் மணி கேட்பார். கேலி என்று தெரிந்தும் நான் போனை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்வேன். ஒருமுறை டவுன் பஸ் கண்டக்டரிடம், உங்கள் வண்டி நாற்பது விநாடி முன்னாடியே எடுத்துவிட்டீர்கள் என்றேன். அப்படியானால் நாற்பது விநாடி முன்னாடியே இறங்கிக்கொள்ளுங்கள் என்று விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கினேன். வேறென்ன செய்வது?

இப்படியே என் மானம் மட்டும் போய்க்கொண்டிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. போன தை மாதம் மகளின் கல்யாணப் பேச்சு நடுவில் வந்தது.

பையனை அவளே பார்த்துக்கொண்டாள். ஒரே கம்பெனி. கொள்ளேகாலத்துத் தமிழ்க் குடும்பம், எங்களைப் போலவே. அப்பா மஞ்சள் வியாபாரி. ஜாதகம் பார்த்ததில் பத்துப் பொருத்தத்தில் ஆறுதான் இருக்கிறது என்று வந்தது. ஆறு தாராளம் என்று எங்கள் ஜோசியர் சொன்னார். பையனின் அப்பா அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் இழுத்து, பையன் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் போன் செய்தார்.

"பொருத்தந்தான் கொறைவா இருக்குதுங்க. நேரமாச்சும் கொறையில்லாம இருக்கோணும். ஞாயித்துக்கெழமை நாலே காலுக்குள்ள தட்டு மாத்திக்கிட்டா செரி. நாலரைக்கு ராகு காலம் வந்துபோடும். அதுக்குள்ள ஆவலைன்னா, அப்புறம் பாத்துக்கலாமுங்க."

அந்த "அப்புறம்" எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வியாபாரத்தில் அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் வர்றேன் என்று போன எந்தக் கிராக்கியும் சாக்கு வாங்கத் திரும்பி வந்ததில்லை. அந்த வாரம் முழுக்க மகள் ஸ்கூட்டர் சாவியை மறந்து மறந்து வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். தேடுவது என் குணம், அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

ஞாயிறு காலை நாலு மணிக்கே விழித்துவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். நேரத்தில் இவ்வளவு கண்டிப்பான மனிதர் வந்து உட்காரப் போகிற இடத்துக்கு நேர் எதிரே, கால் மணி பொய் சொல்லும் கடிகாரம்! பார்த்தவுடன் என்ன நினைப்பார்? இந்த வீட்டில் கடிகாரமே இப்படி என்றால் பெண் எப்படி என்று நினைக்க மாட்டாரா? மனைவி குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்து ஸ்டூலில் ஏறினேன். டில்லியைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, விநாடி முள் பிசகாமல் சரி செய்தேன். மாட்டிவிட்டு இறங்கும்போது என் வாழ்க்கையிலேயே ஒரு உருப்படியான காரியம் செய்த திருப்தி.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும், நல்ல நாளில் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். பார்த்தால் அவளுக்கே தெரியாதா என்றும் நினைத்தேன். பார்த்தால் எப்படித் தெரியும்? கடிகாரம் பத்து காட்டினால் அவளுக்கு அது ஒன்பதே முக்கால். அன்று முழுவதும் அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் கால் மணி பிந்தியே பொழுது போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவேயில்லை.

இரண்டரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்றரைக்கு வந்தார்கள். வழியில் கூட்டம் என்றார் பையனின் அப்பா. பையன், அம்மா, அப்பா மூவர். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று கார் டிரைவரையும் நான்காவது ஆளாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். சோபாவின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

மகள் வந்து வணங்கி, காபி கொடுத்து உள்ளே போனாள். பேச்சு மஞ்சள் விலைக்குப் போனது, மழைக்குப் போனது. என் கண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. நாலு ஆயிற்று. நாலு ஐந்து. எங்கள் பக்கத்துத் தட்டு இன்னும் வெளியே வரவில்லை. அடுப்பங்கரையிலிருந்து போண்டா பொரிகிற சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. கைச்சாடை காட்டினேன். மனைவி எட்டி, கடிகாரத்தைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து "இருக்கு, இருக்கு" என்று பதில் சாடை காட்டினாள்.

எழுந்து உள்ளே போனேன். பையனின் அம்மா அங்கே என் மனைவியோடு நின்று பூவைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மணி நாலு பத்து" என்றேன்.

"தெரியும் எனக்கு. நேரம் கெடக்கு" என்றாள் மனைவி, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"நிஜமாவே நாலு பத்தும்மா!"

"உங்களுக்கு எப்பவும் நிஜமாவேதான்." பையனின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "இவரு இப்படித்தாங்க. ரயிலுக்குப் போனா, முந்தின ரயிலு போறதப் பாத்துட்டுத்தான் எங்க ரயில்ல ஏறுவோம்."

இருவரும் சிரித்தார்கள். வருகிற சம்பந்தியம்மா முன்னால், நாங்கள் இத்தனை வருடம் பொய்க் கடிகாரம் வைத்திருந்தோம், காலையில்தான் திருட்டுத்தனமாகச் சரி செய்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். நான் முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் அவசரப்படுத்தியே வந்ததால், நிஜமான அவசரம் வந்த அன்று என்னிடம் அதற்கென்று தனிக் குரல் இல்லை. அதே குரல்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கடிகாரம் நாலு இருபத்தைந்து காட்டும்போது என் மனைவி தட்டோடு வந்தாள். அவள் கணக்குக்கு நாலு பத்து. ஐந்து நிமிடம் கையிருப்போடு வந்த பெருமை முகத்தில் தெரிந்தது. பூ, பழம், வெற்றிலை, புடவை என்று இரண்டு தட்டையும் எதிரெதிரே வைத்து, விளக்கேற்ற, முதல் குச்சி அணைய, இரண்டாவது குச்சி எடுக்க, கிழக்கு எது என்று எல்லாரும் ஒருமுறை சுற்றிப் பார்க்க... பையனின் அப்பா தட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்தார். நேர் எதிரே கடிகாரம்.

"ஏனுங்க, நாலு முப்பத்திமூணு ஆச்சே!"

தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"ஐயோ, அது கால் மணி ஃபாஸ்டுங்க" என்றாள் மனைவி உடனே. "எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான் வச்சிருப்போம். நிஜ மணி நாலு பதினெட்டுங்க."

"அப்படிங்களா?" அவர் முகம் தெளிந்தது. தட்டு மறுபடி மேலே வந்தது. கொஞ்சம் தாண்டினாலும் நாலரைக்குள் ஆகிவிட்டால் போதும் என்ற கணக்கு அவர் கண்ணிலேயே ஓடியது. மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் முடியப் போகிற நேரம்.

அப்போது ஒரு குரல் கேட்டது. "இல்லீங்க. அது கரெக்ட்தான். காலைலதான் டில்லி நேரத்துக்கு வச்சேன்."

என் குரல்தான். நான் பேச வேண்டும் என்று நினைக்கவேயில்லை. தும்மல் வருவதைப் போல வந்துவிட்டது.

தட்டு கீழே போய்விட்டது. இந்த முறை அவர் கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. பையன்தான் சமாளிக்கப் பார்த்தான்.

"அப்பா, போன்ல மைசூருக்குத் தனியா போட்டிருக்கு. இன்னிக்கு சூரியன் ஆறே முக்காலுக்குத்தான் உதிச்சிருக்கு. அதனால ராகு காலமே நாலு அம்பத்திமூணுக்குத்தான் ஆரம்பம். இப்ப மாத்தலாம்."

"அப்ப முடியறது எப்போ?"

"ஆறு இருபது."

அவர் விரல்விட்டு எண்ணினார். "செரி. காலண்டருக்கு நாலரைல ஆரம்பம். போனுக்கு ஆறு இருபதுல முடிவு. எது நெசம்னு நமக்குத் தெரியுமா? ரெண்டையும் தாண்டிக்கிட்டா தோசம் இல்லை."

பையன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். போனை எடுக்காமல் இருந்திருந்தால் ஆறு மணியோடாவது போயிருக்கும்.

"அப்ப கெளம்பறீங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். கிளம்பினால் அவ்வளவுதான். "அப்புறம்" வந்துவிடும்.

"ராகு காலத்துல எப்படிங்க கெளம்பறது?" என்றார், என்னைவிட வருத்தமாக.

ஆக, தட்டு மாற்றவும் முடியாது, வந்தவர்கள் போகவும் முடியாது. எங்கள் விஜயநகர் வீட்டுக் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஏழு பேரும் இரண்டு தட்டும் ஒரு விளக்கும் மாட்டிக்கொண்டோம். போண்டா சாப்பிடலாமா என்று டிரைவர் சந்தேகம் கேட்டார். புதிதாக எதையும் ஆரம்பிக்கத்தான் கூடாது, ஏற்கெனவே கடித்த போண்டாவைத் தொடரலாம் என்று பையனின் அப்பா தீர்ப்புச் சொன்னார். டிரைவர் கடித்ததைத் தொடர்ந்து முடித்து, அடுத்ததைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்.

நான் பால்கனிக்குத் தப்பி ஓடினேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"ஒரே ஒரு நாள் சும்னிரக் கூடாதாப்பா?"

குரல் உயரவில்லை. கண் நிறைந்திருந்தது. நான் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. நேரம் சரியாக இருக்கட்டும் என்றுதானே செய்தேன், உனக்காகத்தானே செய்தேன் என்றெல்லாம். அதில் ஒன்றுகூடச் சொல்லத் தகுந்ததாக இல்லை. அவள் உள்ளே போய்விட்டாள். கீழே தெருவில் ஒரு பையன் சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் விழுந்துவிடுவானோ என்று அந்த நிலைமையிலும் கவலைப்பட்டேன்.

கொஞ்சம் கழித்து மாப்பிள்ளைப் பையன் வந்து கம்பியில் சாய்ந்தான்.

"அங்கிள், எனக்கும் தெரியும். கையில போன் இருந்துச்சு. ஆன்ட்டி நாலு பதினெட்டுன்னு சொன்னப்பவே தெரியும்." என் பக்கம் குனிந்தான். "நான் வாயத் தொறந்தேனா?"

இவ்வளவு புத்திசாலிப் பையன் கைநழுவிப் போகிறானே என்று எனக்குக் கவலை இரண்டு மடங்கானது.

உள்ளே வந்தபோது பையனின் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"என்னங்க வேணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. காரு பூட்டியிருக்குதான்னு..."

"டிரைவர் பூட்டிட்டுத்தானே வந்தாரு" என்றார் அவர் மனைவி.

"பூட்டினான். இழுத்துப் பாத்தானான்னு தெரியலையே."

எனக்குள் ஏதோ ஒன்று திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது. "இழுத்துப் பாத்தாத்தானுங்களே பூட்டினதா அர்த்தம்" என்றேன்.

அவர் என்னை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார்.

"இவரு கதைய ஏன் கேக்கறீங்க" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். ராகு காலத்தில் ஆரம்பிக்கக் கூடாது என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. "இன்னிக்கு ஏன் ஒரு மணி நேரம் லேட்டு? கூட்டமா? கூட்டமும் இல்லை ஒண்ணும் இல்லை. நரசீபுரம் கிட்ட வந்தப்புறம் காரத் திருப்புன்னாரு. கேஸ மூடினோமான்னு பாக்கோணுமாம். திரும்பப் போயிப் பாத்தோம். மூடித்தான் இருந்துச்சு. அதை இன்னொருக்கா திருகிப்போட்டு வந்தாரு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "மூடியிருந்துச்சு செரி. மூடாம இருந்திருந்தா?"

"அதானே!" என்றேன் நான். கூடத்தில் வேறு யாரும் அதானே என்று சொல்லவில்லை. "என்ன மாதிரி செய்யுங்க. நான் கடை ஷட்டரப் பூட்டினதும் பூட்ட ஒரு போட்டோ எடுத்துக்குவேன். சந்தேகம் வந்தா வீட்டுலயே பாத்துக்கலாம்."

"அட, நல்ல யோசனையா இருக்கே!" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தவர், உடனே நெற்றியைச் சுருக்கினார். "ஆனா அது நேத்து எடுத்த போட்டோவா இருந்தா?"

"அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சுங்க. அதனாலதான் கடையில பூட்டுக்கு மேலயே ஒரு சின்னக் கடிகாரத்தையும் சேத்துப் பிடிச்சு எடுப்பேன். அது வாராவாரம் டில்லி நேரத்துக்கு வச்ச கடிகாரம்."

"அப்பவும் சந்தேகம் தீரலைன்னா?"

"திரும்பக் கடைக்குப் போவேன்."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். டிரைவர் திடுக்கிட்டு விழித்து, போண்டாவைப் பார்த்து, மறுபடி கண்ணை மூடினார். "எங்க வீட்டுல என்னையப் பைத்தியம்ங்கறாங்க. ஏன் சம்பந்தி, இதையெல்லாம் மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் ரெண்டு மாசம்..."

அங்கேயே நின்றுவிட்டார்.

அடுப்பங்கரை வாசலில் என் மனைவி கையில் டம்ளரோடு நின்றுவிட்டாள். மகள் அவளுக்குப் பின்னால். சம்பந்தி. தட்டு மாற்றவில்லை, வெற்றிலை மாற்றவில்லை, ராகு காலம் முழுசாக நடந்துகொண்டிருக்கிறது, அவர் வாயாலேயே அந்த வார்த்தையை ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வியர்த்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பப் போனார். கழுத்து பாதி திரும்பியது. முழுசாகத் திரும்பவில்லை. சுவரை நம்பாமலோ, பார்க்கப் பயந்தோ, என்னைத்தான் கேட்டார்.

"இப்ப மணி என்னங்க?"

வாழ்நாள் முழுக்க யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி. கைக்கடிகாரம் கட்டியிருந்தேன். காலையில்தான் விநாடி பார்த்து வைத்தது. அந்த வார்த்தை விழுந்தவுடன் என் கண் தன்னால் மணிக்கட்டுக்குப் போய், பார்த்தும் ஆகிவிட்டது. வாய் திறந்தது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பேசியிருப்பேன். அவள் பேசாதே என்று கேட்கக்கூட இல்லை, நான் எப்படியும் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டவளைப் போலப் பார்த்தாள்.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கவனிக்கலீங்க" என்றேன்.

அவர் என் முகத்தையும், முதுகுக்குப் பின்னால் போன கையையும் பார்த்தார்.

"நானும் கவனிக்கல" என்றார். பிறகு மெதுவாக, "என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பூட்டு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தொடர்வதில்தான் தோஷம் இல்லையே.

என் மனைவி உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை மறுபடி ஏற்றினாள். தண்ணி மோட்டார் நின்றுவிட்டதா என்று பார்க்க நடுராத்திரி எழுவதைப் பற்றி, ஊருக்குப் போனால் சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பற்றி, மருந்து சாப்பிட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொன்று சாப்பிட்டுவிடுவோமோ என்று பயந்து இரண்டையும் சாப்பிடாமல் விடுவதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிய பேச்சை, என் ஐம்பத்தெட்டு வயதில் வேறு யாரோடும் நான் பேசியதில்லை. பையனும் மகளும் பால்கனியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு இருபது நெருங்கியதும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். போனில் டில்லியைத் திறந்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். அன்று ஒரு நாள் டில்லிக்கு எங்கள் வீட்டில் மரியாதை கிடைத்தது. டிரைவர்கூட எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டார். விநாடி ஓடி ஓடி ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, பூஜ்யம்.

"ஆச்சுங்க" என்றேன்.

பையனின் அப்பா தட்டை எடுக்கவில்லை. "இன்னொரு அஞ்சு நிமிசம் கெடக்கட்டுமுங்க" என்றார். "டில்லி எங்கியோ இருக்குது. வந்து சேர வேண்டாமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் மட்டும், அது நியாயமான கேள்விதான் என்று தலையாட்டினேன். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டு மாறியது. "சம்பந்தி" என்று அவர் முதல்முறையாக, மறுபடியும், என்னைக் கூப்பிட்டார். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

அவர்கள் கிளம்பிப் போய், கேஸ் மூடியிருக்கிறதாம் என்று கொள்ளேகாலத்திலிருந்து போனும் வந்த பிறகு, மனைவி ஸ்டூலைக் கொண்டுவந்து கடிகாரத்துக்குக் கீழே போட்டாள்.

"ஏறுங்க. பழையபடி வையுங்க."

மறுபேச்சுப் பேசாமல் ஏறினேன். ஆனால் குத்துமதிப்பாக வைக்கவில்லை. எங்கள் கூடத்துக் கடிகாரம் இப்போது டில்லிக்குச் சரியாகக் கால் மணி முந்தி ஓடுகிறது, விநாடி பிசகாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கும் சேர்த்துத்தான் பூஜை. மனைவி இதை மன்னித்துவிட்டாள்.

வைகாசியில் கல்யாணம். சம்பந்தி தினமும் ஒரு தடவை போன் செய்கிறார், நான் இரண்டு தடவை செய்கிறேன். மண்டபத்துப் பூட்டு வரைக்கும் பேசிவிட்டோம். அன்று "சம்பந்தி" என்ற வார்த்தை முதலில் விழுந்த நேரத்தைப் பற்றி மட்டும் அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு அது மணி, நிமிடம், விநாடியோடு ஞாபகம் இருக்கிறது. அவர் என்றைக்காவது கேட்டுவிடுவாரோ என்றும், கேட்டால் என் வாய் முந்திக்கொள்ளுமோ என்றும் கவலையாக இருக்கிறது.